மில் வகுத்த எல்லை

யோன் ஸ்ரூவட் மில் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூல் அளவிற் சிறியது. ஆயினும், அரசாங்கத்தின் அதிகாரம் தனிமனிதன் வாழ்வில் எவ்விடத்தில் நின்றுவிடல் வேண்டும் என்னும் வினாவுக்கு அது தந்த விடை இன்றும் ஆராயப்படுகின்றது. பிறர்க்கு நேரும் தீங்கைத் தடுத்தற்பொருட்டே ஒருவனை வற்புறுத்தலாம்; அவனுடைய நன்மை ஒன்றையே காரணமாகக் காட்டி வற்புறுத்துதல் தகாது. தன்னளவில் ஒவ்வொருவனும் இறைமையுடையவன் என்பதே அந்நூலின் முடிபு.

பிறரைச் சிறிதும் தொடாத செயல் உலகில் இல்லையே எனக் கூறி இவ்வெல்லையை மறுப்பாருளர். மில் இத்தடையை முன்னரே எண்ணி விடையும் பகர்ந்தார். குடித்தான் என்பதற்காக மட்டும் ஒருவனை ஒறுத்தல் ஆகாது. கடமையிலிருக்கும் பொலிஸ்காரன் குடித்திருப்பின் ஒறுக்கலாம். தானிய வணிகரே வறியோரைப் பட்டினியிடுகின்றனர் எனப் பத்திரிகையில் எழுதலாம்; சினங்கொண்ட கூட்டத்தை வணிகன் வீட்டின்முன் வைத்துக்கொண்டு அதனையே முழங்குதல் தண்டனைக்குரியது. கருத்து ஒன்றே, விளைவு வேறு. இவ்விடை போதியதெனலாம்.

நூலின் உண்மையான குறை பிறிதோரிடத்தில் உள்ளது. சிறுவர்க்கும், பின்தங்கியவை எனத் தாம் கருதிய சமுதாயங்களுக்கும் இக்கொள்கை பொருந்தாது என மில் விலக்களித்தார். முன்னேற்றமே நோக்கமாயின் அச்சமுதாயங்களில் கொடுங்கோலும் தகும் என்றார். 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பனியின் இலண்டன் அலுவலகத்திற் பணியாற்றியவர் அவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஒரு சமுதாயம் சுதந்திரத்துக்குத் தகுதிபெற்றுவிட்டது என்று தீர்ப்பவர் யார்? ஆள்பவரேயெனின், வழக்காளியே நீதிபதியாகின்றான். பிறர் கருத்தை அடக்குவோன் தான் தவறவே மாட்டான் என்று கொள்கின்றான் என அந்நூலின் இரண்டாம் இயல் கண்டிக்கின்றது. அக்கண்டனம் இவ்விலக்கையும் சாரும். மேலும், ஒருவன் தானே விரும்பித் தன்னை அடிமையாக விற்பதையும் மில் ஏற்கவில்லை. உடையவனே கைவிடலாகாத உரிமையை, அவன் நன்மைக்கெனப் பிறர் பறித்தல் எவ்வாறு அமையும்?

மில் வகுத்த எல்லை செம்மையானது. அதனை ஒரு சாரார்க்கு மட்டும் உரியதாக்கியமையே வழு. நூலின் கொள்கையைக் கொண்டே நூலாசிரியரின் விலக்கைத் தள்ளுதல் அந்நூலுக்குச் செய்யும் நன்றியாகும்.