தீ மூட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் உள்ளே விடுவார்கள்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் வெளியார் வாசகர் அட்டை வாங்க வேண்டுமென்றால், ஓர் உறுதிமொழியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். புத்தகத்தைப் பாழாக்க மாட்டேன், வெளியே எடுத்துப்போக மாட்டேன், நெருப்பை உள்ளே கொண்டுவரவோ மூட்டவோ மாட்டேன்... படிக்கும்போதே எனக்குப் புல்லரித்துவிட்டது. சத்தியம் செய்த கையோடு தருவது என்னவோ மின்னணு அட்டை!

அது வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். நெருப்புக்குப் பயந்து 1845 வரை சூடேற்றும் வசதியே வைக்கவில்லை. மின்விளக்கு வந்தது 1929இல். இங்கிலாந்துக் குளிரில் விரல் விறைக்க விறைக்க உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், மகராசர்கள்.

ட்யூக் ஹம்ஃப்ரி என்னும் பழைய வாசிப்புக் கூடம்தான் இந்த நூலகத்தின் உயிர். 1488இல் திறந்தது. அடுத்த நூற்றாண்டின் மதப் பூசலில் காலியாகிக் கிடந்ததைத் தாமஸ் பாட்லி தன் கைப்பணம் போட்டுச் சீராக்கி 1602இல் மறுபடி திறந்தார். அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையின் கட்டம் ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகச் சின்னம், விரித்த புத்தகத்தோடு. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். அந்தக் காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். சங்கிலி அட்டையின் முன்விளிம்பில் இருந்ததால், முதுகு உள்ளே, தாள் விளிம்பு வெளியே என்று திருப்பி அடுக்குவார்களாம். அப்படிப்பட்ட கூடத்தில் இன்று மடிக்கணினியைத் திறந்துவைத்து வேலை பார்க்கிறார்கள். அடடா!

இரவல் மட்டும் கேட்கவே கூடாது. 1645இல் மன்னர் முதலாம் சார்லஸ் கேட்டுப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ராஜாவுக்கே இந்தக் கதி!

புத்தகம் வெளியே போகக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் வைக்க ஊருக்குள் இடமில்லை. என்ன செய்வது? சற்றுத் தள்ளி ஸ்விண்டனில் 2010இல் ஒரு கிடங்கு கட்டினார்கள். அலமாரிகளின் நீளம் மட்டும் 153 மைல். அங்கே பொருள்வாரியாக அடுக்குவதில்லை, அளவுவாரியாகத்தான். ஒவ்வொன்றுக்கும் பார்கோடு. இணையத்தில் கேட்டு வைத்தால் உயரத்தூக்கும் வண்டியில் ஏறி எடுத்து, வேனில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய சட்டம் உடையாமல் இருக்க இவ்வளவு எந்திரம்! நான் மயங்கியது இதில்தான்.

ராட்கிளிஃப் சதுக்கத்துக்கு அடியில் 'கிளாட்ஸ்டன் லிங்க்' என்ற நிலத்தடி நூலகமும் உண்டு. பிரதமர் கிளாட்ஸ்டன் யோசித்துச் சொன்ன நகரும் அலமாரிகளின் பெயரால் வந்தது. ஓர் அரசியல்வாதி புத்தகம் அடுக்குவதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நமக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட தமிழ்ப் பாவசங்கீர்த்தன நூல், தொலைந்தே போயிற்று என்று கருதப்பட்டது, இங்கேதான் பத்திரமாக இருக்கிறது. தமிழ் அச்சின் தொடக்கக் காலப் புத்தகங்களில் ஒன்று, சும்மாவா!

ஆக்ஸ்ஃபோர்டு போகிறவர்கள் ட்யூக் ஹம்ஃப்ரி கூடத்தைக் காட்டும் வழிகாட்டிச் சுற்றுக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்துவிடுங்கள். போக முடியாதவர்கள் 'டிஜிட்டல் பாட்லியன்' தளத்துக்குப் போங்கள். ஏராளமான சுவடிகளைப் பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது.