அண்ணன்மார் கதையும் ஆக்கியோன் பெயரும்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது தமிழ்ப் புலவர் கொள்கை. சிறப்புப் பாயிரத்திற்கு எட்டு உறுப்புக்களை நன்னூலார் வகுத்தார். அவற்றுள் முதற்கண் நிற்பது ஆக்கியோன் பெயர். அடுத்து வருவது வழி. எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவற்றின் பின்னரே வருகின்றன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என அவரே குறிக்கின்றார். ஏட்டில் எழுதப்பெற்ற நூலை நோக்கி எழுந்த இலக்கணம் இது. ஆயினும் இதனை வாய்மொழிக் கதைகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டிய நிலை இன்று நேர்ந்துள்ளது. இணையத்திற் பரவும் கதைகள் யாருடையவை என்னும் வினாவிற்கு, பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டிலும் இப்பாயிர மரபே தெளிந்த விடை தருகின்றது என்பது எம் கருத்து. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரையும் அவர்தம் தங்கை அருக்காணியையும் பற்றிய இக்கதை, குன்றுடையான் கதை எனவும் வழங்கும். மணப்பாறையை அடுத்த வீரப்பூர் இக்கதைக்குரிய பெருவிழாக் களமாகும். கொங்கு நாட்டில் காங்கயம், பல்லடம், சூலூர் முதலிய வட்டாரங்களில் உடுக்கை ஒலியோடு இரவு பல தொடர்ந்து இக்கதை பாடப்பட்டு வந்துள்ளது. பாட்டும் உரையும் மாறிமாறி வரும். பாடுவோர் ஒருவர், 'ஆமாம்' போட்டுப் பின்பாட்டுப் பாடுவோர் மற்றொருவர். படுகளம் வரும் இரவில் கேட்போருட் சிலர் அருள் வந்து ஆடி வீழ்வதும், தங்காள் நீர் தெளிக்க எழுவதும் உண்டு. கதையும் சடங்கும் பிரித்தற்கரியனவாய் நிற்கும் இடம் அது.

கோவையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது சூலூர். அதனை அடுத்த சிற்றூர் ஒன்றில் இக்கதையைக் கேட்கும் வாய்ப்பு எமக்கு அண்மையில் வாய்த்தது. பாடியவர் முதியவர். தெய்வ வணக்கத்தை முடித்ததும் தமக்குக் கதை பயிற்றிய ஆசானையும், அவ்வாசானுக்கு ஆசானையும் பெயர் கூறி வணங்கிய பின்னரே கதைக்குள் நுழைந்தார். கேட்போருட் பலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தனர். சின்னாட் கழித்து, கொம்பன் என்னும் பன்றியை வேட்டையாடும் பகுதி மட்டும் இணையத்தில் ஒரு காணொளியாக உலவக் கண்டோம். முகப்பில் வெளியிட்டவரின் முத்திரை இருந்தது, பாடியவர் பெயர் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. பின்னர் அதே பகுதி, முதியவர் ஆண்ட உவமைகள் ஒன்றும் மாறாமல், உரைநடைக் கதையாகவும் வேறொருவர் பெயரில் வெளிவந்தது. அக்காணொளியை அவரிடம் காட்டினோம். பொருள் வரவு பற்றி அவர் வினவினாரல்லர். தம் பெயர் இன்மையையும் பெரிதாகக் கொண்டிலர். ஆசான் வணக்கத்தை ஏன் வெட்டினார்கள் என்பதொன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் கேட்டது பாயிரத்தைப் பற்றிய கேள்வி என்பதை யாம் பின்னரே உணர்ந்தோம். ஆசானைக் கூறுதலே அவருக்கு 'வழி'. அதனை நீக்கிய பின் எஞ்சுவது ஒழுங்கான பாடமன்று என்பது அவர் துணிபு.

இந்நிலையில் சட்டம் கூறுவது யாது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. ஒலிப்பதிவிற்கு 'ஆசிரியர்' எனப்படுவார் அதனை உண்டாக்க முற்பட்டுப் பொறுப்பேற்றவரே. எனவே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தவர் பதிவின் ஆசிரியர் ஆகின்றார். இரவெல்லாம் பாடியவர் அவ்வகையில் ஆசிரியர் ஆகார். நிகழ்த்துவோர்க்குத் தனியுரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தினாற்றான் வந்தது. அவ்வுரிமை நிற்குங் காலம் முதலில் 25 ஆண்டு. 1999இல் அது 50 ஆண்டாயிற்று. தம்மை நிகழ்த்துவோராக அடையாளங் காட்டுமாறு கோரும் அறவுரிமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெளிவாக இடம்பெற்றது. நிகழ்த்துவோர் யாவர் என வரையறுக்குமிடத்து நடிகர், பாடகர், ஆடுநர், கழைக்கூத்தர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் எனப் பலரையும் பெயர் சுட்டிக் கூறிய சட்டம், கதை சொல்வோரைப் பெயர் சுட்டிற்றிலது. 'பிறர்' என்பதனுள் அடக்கிற்று. பாம்பாட்டிக்குக் கிடைத்த சிறப்புக் கதைசொல்லிக்குக் கிட்டாமை வியப்பே. ஆயினும் உடுக்கைப் பாணர் பாடகராதலின் உரிமை பெறுவார் என்பதில் ஐயமில்லை.

எனவே சூலூர் முதியவர்க்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கும். ஆனால் கதைக்கு? கதையென்பது கருத்து, கருத்திற்குப் பதிப்புரிமை இல்லை, அக்கருத்து வெளிப்படும் சொல்லுருவிற்கே உண்டு. இஃது ஏற்புடைய கொள்கையே. பொன்னரும் சங்கரும் ஒருவர் உடைமையாயின் மறுநாளே உடுக்கை ஓய்ந்துவிடும். மக்கள் வழக்காறுகள் முழுவதையும் காத்தற்கு யுனெஸ்கோவும் உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனமும் 1982இல் மாதிரி விதிகள் வகுத்தன. அவ்விதிகள், வழக்காற்றிற்கு உரிய சமுதாயம் இன்னது எனத் துணியக்கூடிய இடத்தேதான் பயன்படும். அண்ணன்மார் கதையில் அவ்வாறு துணிதல் எளிதன்று. கதைத் தலைவர் வேளாளர். அவர்க்கு மாறாய் நிற்கும் தலையூர்க் காளி வேட்டுவன். களத்தில் உடன் நின்று உயிர் கொடுப்பவன் சாம்புவன். பாடுவோரோ பல்வேறு குடியினர். ஒரு குடியினர்க்கே இஃது உரியதென எழுதிக் கொடுப்பின், பாடி வந்தோரே கதையினின்று வெளியேற்றப்படுவர்.

ஆகவே காக்கப்பட வேண்டுவது கதையன்று. கதை சொன்ன முறையும், சொன்னவர் பெயரும், அவர் கூறும் வழியுமே.

இதற்கு வலுவான சான்று இக்கதையின் ஆய்வு வரலாற்றிலேயே உள்ளது. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் அம்மையார் 1965இல் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இராமசாமி என்னும் பாணர் பாடிய இக்கதையை ஒலிநாடாவிற் பதிவு செய்தார். 1982இல் வெளிவந்த அவர்தம் ஆங்கில ஆய்வு நூல் இக்கதையின் அமைப்பை விரிவாக ஆராய்ந்தது. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் தமிழ்ப் பாடத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டது. இவற்றினின்று ஓர் உண்மை புலனாகின்றது. அவையில் பாடிய பாடமும், எழுதிக் கொள்வதற்காகச் சொல்லிய பாடமும் ஒன்றாக அமைந்தில. கேட்போர் எதிரிருக்க விரிந்த இடம், அவர் இல்லாதபோது சுருங்குகின்றது. ஒருவரே பாடியபோதும் பாடம் வேறுபடுமாயின், பாணர் நினைவிலுள்ளதை ஒப்பிப்பவர் அல்லர். ஒவ்வோர் இரவிலும் புதிதாக ஆக்குபவர். ஆக்குபவரை ஆக்கியோன் எனக் கூறுதற்குத் தடை யாது? பாயிரத்திற் கூறிய 'களம்', 'கேட்போர்' என்னும் இரண்டும் வெறுங் குறிப்புகளல்ல, பாடத்தை உருவாக்கும் காரணங்களே என்பதும் இதனாற் பெறப்படும்.

பெக் அம்மையார் பாணர் பெயரைப் பதிவு செய்தமை பாராட்டற்குரியது. அதனால் அப்பாடத்தை இன்று 'இராமசாமி பாடம்' எனச் சுட்ட முடிகின்றது. ஆயினும் சட்டத்தின் வழி நோக்கின் அவர் நிலை இரங்கத்தக்கது. அவர் பாடிய நாளில் நிகழ்த்துவோர்க்கு உரிமையே இல்லை. பின்வந்த உரிமை அப்பாட்டிற்கும் பொருந்துமெனக் கொண்டாலும் 50 ஆண்டு 2015ஆம் ஆண்டோடு முடிந்திருக்கும். சட்டம் கைவிட்ட பெயரை ஆய்வாளர் அறமே காத்தது.

இனி, இக்கதை ஏற்ற பிற உருவங்களை நோக்குவாம். முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த தொல்காப்பியனார், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்கினார். கவிஞர் சக்திக்கனல் 1971இல் வெளியிட்ட 'அண்ணன்மார் சுவாமி கதை' கோவைப் பகுதிப் படிப்பாளரிடையே கதையை அச்சில் நிலைநிறுத்தியது. கலைஞர் மு. கருணாநிதி எழுதிய 'பொன்னர் – சங்கர்' புதினம் விரித்தலின்பாற்படும். 2011இல் அப்புதினத்தைத் தழுவித் திரைப்படம் வந்தது. பெக் அம்மையார் முயற்சியால் 26 பகுதிகள் கொண்ட உயிர்ப்படத் தொடரும் உருவாயிற்று. மொழிபெயர்ப்பும் தொகைவிரியும் ஓவியமும் கலந்த இத்தொடர், நால்வகையுள் எதனுள்ளும் முழுதும் அடங்காது. தொல்காப்பியனார் காணாத வகை அது. பன்றி வேட்டையில் பாணர் உடுக்கையின் நடையை மாற்றிக் கேட்போரை அச்சுறுத்தும் இடத்தைப் படம் வண்ணத்தாற் காட்ட முயல்கின்றது, அச்சம் வரவில்லை. ஆயின் அயல்நாட்டில் வளரும் தமிழ்ச் சிறார்க்குக் கதையை எட்டச் செய்தது அத்தொடர் என்பதை மறுத்தல் கூடாது.

இவ்விடத்து ஒரு செய்தி கருதற்பாலது. கலைஞரின் நூல்கள் 2024ஆம் ஆண்டில் நாட்டுடைமையாக்கப்பட்டன. பாரதியார் பாடல்களை 1949இல் அரசு தன்பாற் கொண்டு பின்னர் மக்கட்கு உரியதாக்கிய காலந்தொட்டுத் தமிழகம் போற்றி வரும் நன்னெறி இது. 'பொன்னர் – சங்கர்' கதை பாணரிடம் பொதுவாய் இருந்தது, ஒருவர் நூலாகி உரிமை பெற்றது, மீண்டும் பொதுவாயிற்று. இவ்வட்டம் முழுவதிலும் நூலாசிரியர்க்கு ஒரு பெயர் இருந்தது, நாட்டுடைமையான பின்னும் அப்பெயர் நீங்கவில்லை. பாணர்க்கோ தொடக்கத்திலேயே பெயரில்லை. பொதுவுடைமை என்பதும் பெயரின்மை என்பதும் வேறுவேறு என்பதை நம் பதிப்பாளர் பலர் உணர்ந்திலர். இணையத்தில் எடுத்தாள்வோர் இவ்விரண்டையும் ஒன்றெனவே கருதுகின்றனர்.

பெயர் தெரியாத பாட்டைப் பெயரற்றதாக விடுதற்கு நம் முன்னோர் மனம் ஒருப்படவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தோர் இயற்பெயர் அறியாத புலவர்க்கு அவர்தம் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனப் பெயர் சூட்டினர். பிறர் பாட்டைத் தன் பாட்டென உரைப்போனைப் பாட்டியல் நூலார் கள்ளக்கவி என இகழ்ந்தனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது முதலாக, ஏடு உதவியவர் பெயர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தார். ஏடு தந்தவர்க்கு உள்ள இடம் பாட்டே தந்தவர்க்கு இல்லாமை, நம் நாட்டுப்புறப் பதிப்புக்கள் பலவற்றின் குறை. 'கூறியவர்: ஊர்ப் பெரியவர்' என்னும் குறிப்போடு அமைந்த தொகுப்புக்களை மாணவர் கண்டிருப்பர். ஊர்ப் பெரியவர்க்கும் பெயர் உண்டு.

இக்குறை தமிழர்க்கே உரியதன்று. செருமானிய நாட்டுக் கிரிம் உடன்பிறந்தார் 1812இல் தம் கதைத் தொகுதியின் முதற்பகுதியை வெளியிட்டனர். கதை கூறியோருள் டொரோதியா வீமன் என்னும் பெண்மணியை மட்டும் 1815ஆம் ஆண்டுப் பகுதியின் முன்னுரையிற் பாராட்டினர். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் உருவப்படமும் இடம்பெற்றது. ஏனைப் பெண்கள் பலர் பெயர், கிரிம் தம் கைப்படியின் ஓரத்தே எழுதி வைத்த குறிப்புக்களைப் பிற்காலத்தார் ஆராய்ந்தபோதே தெரிய வந்தது. ஓரக்குறிப்பு இல்லாதிருப்பின் அதுவும் இல்லை.

இணையத்தில் அவ்வோரக்குறிப்பிற்கும் இடமில்லை போலும். காணொளியைப் பகுதி பகுதியாக வெட்டுவோர் முதலில் வெட்டுவது தொடக்கத்தையே. வணக்கம் விரைவிற் சலிப்பூட்டும் என்பது அவர் எண்ணம். ஆசான் பெயரும் ஊரும் நாளும் அத்தொடக்கத்திலேதான் உள. இனி, இணையத்திலுள்ள எழுத்தையும் ஒலியையும் விழுங்கிக் கதை புனையும் கணினிகள் வந்துள்ளன. வெட்டப்பட்ட பகுதி அவற்றுட் சென்றபின் வழியைத் தேடிக் காணல் அரிது. எனவே பெயர் பதிவிலேயே, கதையின் உடம்போடு ஒட்டி நிற்றல் வேண்டும். புறத்தே எழுதிய தலைப்பு எளிதில் உரிந்து போம்.

களப்பணிக்குச் செல்லும் முதுகலை மாணவர் ஒவ்வொரு பதிவிற்கும் பதினோருறுப்புப் பாயிரம் ஒன்று எழுதிச் சேர்த்தல் நன்று. பதிவின் தொடக்கத்தில் பாணரே தம் வாயால் அதனைக் கூறச் செய்யலாம். இணையத்தில் இடுதற்கு அவர் இசைந்தனரா, எப்பகுதியை இடலாகாது என்றனர் என்பவும் அதன்கண் இடம்பெறல் வேண்டும். படுகளப் பகுதியைக் களத்தன்றி வேறிடத்தில் பாட ஒருப்படாத பாணரும் இருத்தல் கூடும். இதனால் பதிவு சுருங்கும், ஆய்வுக்குத் தடையாகும் எனச் சிலர் மறுக்கலாம். சில பதிவுகள் குறையும் என்பது மெய்யே. அவ்விழப்பை ஏற்றல் தகும்.

சூலூர்க் காணொளிக்கு அத்தகைய பாயிரம் ஒன்றை யாம் எழுதிப் பார்த்தோம். காணொளியை மட்டும் கொண்டு நிரப்ப முடிந்தவை நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் என்னும் மூன்றே. ஏனையவற்றைக் கேட்டறிதற்கு முதியவரிடம் மீண்டும் சென்றோம். ஊர், நாள், களம், கேட்போர் யாவற்றையும் தயங்காது கூறினார். ஆக்கியோன் பெயர் எழுதுமிடத்து எம்மைத் தடுத்து, ஆசான் பெயரை மேலே எழுதித் தம் பெயரை அதன்கீழ்ச் சிறிதாக எழுதுமாறு பணித்தார், அவ்வாறே எழுதினோம்.