மணல் ஒட்டிய ஓவியம்

நிலக்காட்சி ஓவியங்களை எட்ட நின்றுதான் ரசிக்க வேண்டும் என்பார்கள். வெட்டவெளியில் உட்கார்ந்து வரைந்தவை என்றால், முதலில் கிட்டப் போங்கள் என்பேன் நான். காவலர் முறைக்காத அளவுக்கு.

லண்டன் நேஷனல் கேலரியில் குளோத் மோனேயின் ‘ட்ரூவில் கடற்கரை’ இருக்கிறது. 1870 கோடையில் வரைந்தது. அரை மீட்டர் அகலம்கூட இல்லை. குடையும் கையுமாக இரண்டு பெண்கள், ஒருத்தி வெள்ளை உடையில், இன்னொருத்தி கறுப்பில். நடுவே காலி நாற்காலி. கண், மூக்கு என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். வெள்ளை உடையைப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக வரைய மெனக்கெடவே இல்லை; தூரிகையின் தடித்த இழுப்புகள்தான் உடை. வெயில் இடம் மாறுவதற்குள் முடித்தாக வேண்டுமே! காற்று வாரியடித்த மணலும் கிளிஞ்சல் துணுக்குகளும் சாயத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடற்கரையிலேயே வரைந்தார் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

வான்கோ 1889-இல் வரைந்த ஒலிவ மரங்கள் படமொன்றில் சாயத்துக்குள் சிக்கிய வெட்டுக்கிளியையே 2017-இல் கண்டுபிடித்தார்கள், கான்சஸ் சிட்டி அருங்காட்சியகத்தில்.

சாயத்தை உலோக ட்யூபில் அடைக்கும் வித்தை 1841-இல் வந்தது. அதன்பின் வெளியே கிளம்புவது சுலபமாயிற்று. அங்கே உட்கார்ந்து வரைவது சுலபமாகவில்லை. 1885-இல் எத்ரெத்தா கடலோரத்தில் வரைந்துகொண்டிருந்த மோனேயைப் பேரலை ஒன்று அடித்துப் புரட்டியது. ஆள் தப்பித்தார். ஓவியத் தாங்கி போயிற்று.

ஒளி மாறினால் படத்தையும் மாற்று என்பது பிற்பாடு அவர் பிடித்த வழி. ‘வைக்கோற்போர்’ வரிசையை 1890-91-இல் அப்படித்தான் வரைந்தார்: பல கேன்வாஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கேற்ற ஒன்றை எடுப்பது. பிறகு வீட்டுக்குள் வைத்துத் திருத்தவும் செய்தார். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியே கண்டதை மறக்காமல்தானே திருத்தினார்?

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் சப்பென்றிருக்கும். சிகாகோ கலைக்கூடத்தில் ஆறு இருக்கின்றன. அவர்களுடைய இணையதளத்தில் கோடை முடிவில் வரைந்ததையும் பனி மூடிய நாளில் வரைந்ததையும் அருகருகே திறந்து வையுங்கள். போரை விட்டுவிட்டு அதன் நிழலை மட்டும் பாருங்கள். நிழல் என்றால் கறுப்பு என்ற நினைப்போடு போனால், அங்கே நீலமும் ஊதாவும்தான் கிடைக்கும்.