தாயகம் திரும்பலும் ஒப்பாரிக் கோச்சியும்

ஒரே நிகழ்ச்சிக்கு இரு பெயர்கள் வழங்குமாயின், அவ்விரண்டினிடையே தீராத வழக்கொன்று உண்டு எனக் கொள்ளலாம். 1964 ஆம் ஆண்டுக்குப் பின் கண்டிமாநகரைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் ஏனை மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் இலட்சக்கணக்கான தமிழர், குடும்பம் குடும்பமாக, வடக்கே கடல் கடந்து தமிழகம் சேர்ந்தனர். அரசாங்கப் பத்திரங்கள் அதனைத் 'தாயகம் திரும்பல்' என்றன. அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலைநாட்டு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். முதற்பெயர் ஒரு வருகையைச் சொல்வது. இரண்டாம் பெயர் ஒரு சாவைச் சொல்வது. இவற்றுள் எப்பெயர் உண்மைக்கு அணித்தானது என்பது வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரிய வினாவன்று. அந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு எழுந்த இலக்கியத்தை மதிப்பிடப் புகும் திறனாய்வாளரும் முதலில் விடை காணவேண்டிய வினா அதுவே.

வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் நலம். கம்பளைக்கு அருகே 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்கும், 1867 இல் ஹேவாஹெட்டையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலைக்கும் உழைத்தவர்கள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலான பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்களாவர். முன்னையோர் மன்னாரிலிருந்து காடுகளினூடே மாத்தளைவரை கால்நடையாக வந்தனர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்து அமைந்த பின்னர் வழி எளிதாயிற்று. தமிழகத்துக் கிராமங்களில் இம்மலைநாட்டுக்குக் 'கண்டிச் சீமை' என்பதே பெயர். நகரொன்றின் பெயர் நாட்டுக்கே ஆகுபெயராய் நின்றது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்தம் தொகையை 975,000 எனக் கணித்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இலங்கைப் பிரசாவுரிமை கோரி விண்ணப்பித்தோர் தொகை ஒதுக்கப்பட்ட எண்ணை மிகவும் விஞ்சியது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. தாயகம் என்று தமக்குச் சுட்டப்பட்ட நாட்டை விடுத்துத் தாம் நின்ற மண்ணையே பலர் கேட்டனர். விண்ணப்பப் படிவத்தின் வாயிலாக அவர்கள் சொன்ன விடையும் ஒரு திறனாய்வே.

இனி, 'திரும்பல்' என்னும் சொல்லை நோக்குவது பொருந்தும். திரும்புவோன் முன்னர் அவ்விடத்தினின்றும் புறப்பட்டவனாதல் வேண்டும். அவனை இன்னான் என்று அறிந்து வரவேற்பார் ஒருவரேனும் ஆங்கு இருத்தல் வேண்டும். சென்று தங்குவதற்கு ஓர் இடமும் உண்டு வாழ்வதற்கு ஒரு தொழிலும் வேண்டும். இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டால், அச்சொல் ஒரு குடும்பத்தினுள்ளேயே மூன்று வேறு பொருள் தருவது புலனாகும். இளமையிற் கப்பலேறி வந்த பாட்டனுக்கு அது திரும்பலே. பிறந்த ஊரின் குளக்கரையும் குலதெய்வக் கோயிலும் அவன் கண்ணுள் நின்றன; அங்கே கண்மூட வேண்டும் என்னும் ஆசையும் பொய்யன்று. லயத்திற் பிறந்து, பெற்றோர் சொல்லக் கேட்டே ஊரை அறிந்த மகனுக்கு அது பெயர்ச்சி. பள்ளிக்கூடத்திற் படித்துக்கொண்டிருந்த பேரனுக்கோ அது நாடு கடத்தலினின்றும் வேறாகத் தோன்றியிராது. ஒரே கடவுச்சீட்டின் கீழ்ச் சென்ற ஒரு குடும்பம் ஒரே பயணத்தைச் செய்யவில்லை.

இஃது உலகில் யாண்டும் நிகழாத புதுமையன்று. 1923 இல் லோசானில் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இரு நாடுகளிடையே இடம் மாற்றப்பட்டனர். அவருட் சிலர் தாம் சென்றடைந்த நாட்டின் மொழியும் அறியாதவர். ஆயினும் அவ்வுடன்படிக்கை தன் செயலுக்குப் 'பரிமாற்றம்' என்றே பெயரிட்டது. பண்டத்துக்குரிய சொல்லை மாந்தர்க்கு ஆண்டது கொடுமையே. எனினும், செய்ததையே சொன்னது. நம் ஒப்பந்தம் ஆண்ட சொல்லோ கொடுமையை மறைத்துக் கனிவைப் பூசிக்கொண்டது. தாய் என்னும் சொல் வந்துவிட்ட இடத்தில் மறுத்துப் பேசுதல் அரிது.

'ஒப்பாரிக் கோச்சி' என்னும் பெயரின் நுட்பம் இனித் தெளிவாகும். தமிழர் எவரும் விடைபெறுங்காற் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்பதே மரபு. போதல் என்னும் வினையை வருதல் என்னும் வினையாற் காத்துக்கொள்வது நம் வழக்கு. ஒருவழிப் பயணச்சீட்டோடு புகையிரத நிலையத்தில் நின்றவர்க்கு அம்மங்கலச் சொல்லைச் சொல்லும் வாய்ப்பு இல்லை. சொன்னாற் பொய்யாகும், சொல்லாது விடின் அமங்கலமாகும். அவ்விடைவெளியை நிரப்பத் தமிழில் உள்ள பாட்டு வடிவம் ஒன்றே, அஃது ஒப்பாரி. மக்கள் அதனைக் கையாண்டமை உணர்ச்சி மிகுதியால் மட்டும் நிகழ்ந்ததன்று. வடிவங்களின் தகுதியை அறிந்த தெரிவும் அதிலுண்டு.

ஒப்பாரியின் இலக்கணம் யாது? பெண்டிர் ஒருவர் தோளை ஒருவர் தழுவி, இறந்தாரை உறவுமுறை சொல்லி விளித்துப் பாடுவர். புகழ்ச்சி முதலில் வரும். பின்னர்ப் பாடுவோள் தன் நிலையையே பாடுவாள். 'இனி என்னை யார் கேட்பார்' என்பதே ஒப்பாரியின் உட்பொருள். ஆகவே, அஃது இறந்தாரைப் பற்றிய பாட்டு என்பதினும் இருப்பாரைப் பற்றிய பாட்டு என்பதே பொருந்தும். புகையிரத மேடையில் இவ்விலக்கணம் வியத்தகு மாற்றமொன்றை அடைந்தது. வீட்டு முற்றத்து ஒப்பாரியில் விளிக்கப்பட்டார் மறுமொழி கூறார். மேடையிலோ, வெளியில் நின்ற தமக்கை பாட, சாளரத்தினுள் இருந்த தங்கையும் பாடினாள். இருவரும் உயிரோடிருந்தனர், ஒவ்வொருவர்க்கும் மற்றவரே இறந்தவர். இறந்தது ஆளன்று, குடும்பம் என்பதை ஒப்பாரி இவ்வாறு காட்டிற்று. எந்தக் குடிசன மதிப்பிலும் பதிவாகாத சாவு அது.

சங்க இலக்கியத்திலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. பாரி மாய்ந்த பின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பினை நீங்கிய கபிலர், அம்மலையை விளித்துப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பெயர்ந்து செல்லுந்தோறும் மலை பின்னே கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருப்பதை அவர் பாடுகின்றார். பேராதனைச் சந்தியைக் கடந்து, கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கி, பொல்காவலையில் வடக்கே திரும்பி, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் சேரும் இருப்புப்பாதையிற் சென்றவர்க்கும் மலைகள் அவ்வாறே பின்னிட்டு மறைந்தன. வேறுபாடும் உண்டு. பறம்பு பாரியினுடையது, அதன் இழப்பை உரிமையோடு பாடக் கபிலர்க்கு இயன்றது. தோட்டத் தொழிலாளர்க்கு ஒரு பேர்ச் நிலமும் சொந்தமில்லை. வாழ்ந்த லயக் காம்பராவும் தோட்டத்தினுடையதே. தமதல்லாத மலைக்கு அழுதனர் எனின், அவ்வழுகையே ஓர் உரிமைக் கூற்று ஆகின்றது. பத்திரத்தில் இல்லாத உரிமை பாட்டில் இருந்தது.

மலையக இலக்கியத்தை இப்பெயரின் ஒளியில் நோக்கினால் அதன் வளர்ச்சி விளங்கும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', ஒப்பந்தம் கைச்சாத்தான அதே 1964 இல் வெளிவந்தது. கங்காணியின் ஆசைச் சொற்களை நம்பித் தமிழகத்தினின்றும் புறப்பட்டவர் வாழ்வைச் சொல்லும் நாவல் அது. தொலைவிலுள்ள பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் பழமொழியே அதன் பெயராயிற்று. அங்கிருந்தோர்க்குக் கண்டிச் சீமை தூரத்துப் பச்சை. அவ்வாண்டுக்குப் பின்னரோ, இங்கிருந்தோர்க்குத் தமிழகம் தூரத்துப் பச்சையாகக் காட்டப்பட்டது. நூலின் பெயரை வரலாறு மறுபுறம் திருப்பிவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். தெளிவத்தை ஜோசப்பின் 1979 ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுதி 'நாமிருக்கும் நாடே' எனப் பாரதியாரின் சொற்களையே பெயராகக் கொண்டது. விடுதலைக் களிப்பிற் பாரதி பாடிய சொற்கள், பிரசாவுரிமை அற்றோர் வாயில் உரிமைக் கோரிக்கையாக மாறின. பின்னாளில் மு. சிவலிங்கம் மக்கள் இட்ட பெயரையே ஏற்றுத் தம் தொகுதிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' எனப் பெயர் சூட்டினார். இந்நான்கு பெயர்களையும் நிரலே வைத்தால், ஏமாற்றமும் இழப்பும் உரிமையும் இரங்கலும் ஒரு மக்களின் அகவரலாறாகத் தொடர்வதைக் காணலாம்.

ஆயினும், இப்பொருள் பற்றி எழுதுவோர் இரு குற்றங்களுள் ஒன்றில் வீழ்தல் எளிது. தமிழகத்தைக் கை நீட்டி அழைக்கும் அன்னையாகவே வரைதல் ஒன்று. போனோர் துயரை மிகுத்துக் காட்டும் பொருட்டு மலைநாட்டை இழந்த சுவர்க்கமாக வரைதல் மற்றொன்று. பின்னையதே மிகுதி. பத்தடி அறைகளும், கங்காணியின் கடன் கணக்கும், பிரட்டுக் களத்து வசைகளும், 1977 இலும் 1983 இலும் மூண்ட வன்செயல்களும் அப்படத்தினின்றும் மறைந்துவிடுகின்றன. அச்சமும் வறுமையும் உந்தவே பலர் விண்ணப்பித்தனர். ஒப்பாரி இப்பிழையைச் செய்வதில்லை. இறந்தாரைப் புகழ்ந்த வாயே தான் பட்ட பாட்டையும் அடுத்த அடியிற் சொல்லும். அன்பும் முறையீடும் அதில் ஒருங்கே நிற்கும். எழுத்தாளர் ஒப்பாரியினிடம் கற்கவேண்டியது கண்ணீரையன்று, இந்நேர்மையையே.

தாயகம் என்பது முற்றிலும் பொய் என்று வாதிடுவதும் பொருந்தாது. மணவுறவுகள் கடலுக்கு அப்பாலும் தொடர்ந்தன. ஊருக்குப் பணம் அனுப்பினோர் உளர். அங்கு நிலம் வைத்திருந்தோர் சிலரும் உளர். மொழியும் தெய்வமும் ஒன்றே. ஆனால் உறவு வேறு, வாழ்விடம் வேறு. ஒப்பந்தத்துக்குப் பின் எட்டு வாரம் கழியுமுன், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி கடல்கொள்ளப்பட்டு அழிந்தது. முன்னோர் கப்பலேறிய துறையே இல்லாதொழிந்தமையால், பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. இறங்கியோர் மண்டபம் முகாமைக் கடந்து சென்றனர். பலர் தம் முன்னோர் ஊர்களில் நிலைக்கவில்லை. தாயகம் திரும்பியோர்க்கு வேலை அளிக்கத் தமிழ்நாட்டரசு 1968 இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. 1976 இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் மீண்டும் மலையேறிக் கொழுந்து கொய்தனர். அங்கு அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். தாயகம் என்னும் சொல்லை நம்பிச் சென்றவர்க்குத் தாயகத்தார் அளித்த பெயர் அது. மூன்றாவதாகிய இப்பெயரையும் கேட்ட பின்னர், முதலிரு பெயர்களுள் எது உண்மைக்கு அணித்து என்பதில் ஐயமில்லை.

தலைமன்னார்க் கப்பல் 1984 இல் நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினையை 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தீர்த்தன. வழக்கின் சட்டப்பகுதி முடிந்தது, இலக்கியப்பகுதி முடியவில்லை. மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்திராவிடின் கங்காணி காலத்துக் குரல்கள் பல அழிந்தே போயிருக்கும். புகையிரத மேடையில் எழுந்த ஒப்பாரிகளையும் அவ்வாறு தொகுத்தல் வேண்டும். 1970 இல் இருபது வயதினராக இருந்து பாடியவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்த முதியோர். அவர்தம் பாட்டு இரு பாதியாகக் கிடக்கின்றது: மேடையில் நின்றவர் பாடியது கண்டித் தோட்டங்களில், சாளரத்தினுள் இருந்தவர் பாடியது நீலகிரியில். இரண்டையும் அருகருகே வைத்து எழுதினாலன்றி அப்பாட்டு முழுமை பெறாது. கல்லூரி மாணவர் தம் விடுமுறைக் காலத்தில் ஒரு குறிப்பேட்டோடு பாட்டியின் அருகே அமர்ந்தால் முதற்பாதியேனும் கைகூடும். மறுபாதியைப் பெறக் கடிதமும் தொலைபேசியும் போதும். பிரிந்த குடும்பங்களைச் சேர்த்தல் ஆய்வினால் ஆகாது; அவற்றின் பாட்டைச் சேர்த்தல் ஆகும். காலம் மட்டும் மிகுதியாக இல்லை.