இரக்கம் செய்த வேலை: டோல்கீனின் பெருங்கதையும் அதன் திரைவடிவமும்

ஆங்கில மொழியில் எழுந்த கற்பனைப் பெருங்கதைகளுள் ஜே. ஆர். ஆர். டோல்கீன் இயற்றிய ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ தனியிடம் பெற்றது. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த இந்நூலை, நியூசிலாந்து நாட்டு இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று திரைப்படங்களாக்கினார். மூன்றாம் படம் 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. இளைஞர் கூட்டங்களிலும் சில பிரசங்க மேடைகளிலும் இக்கதையின் தலைவனாகிய ஃபிரோடோ, பிறருக்காகச் சுமை சுமந்தவன் என்ற முறையில், கிறிஸ்துவுக்கு உவமையாகவே எடுத்தாளப்படுவதுண்டு. அந்த ஃபிரோடோ பெரும்பாலும் திரைப்படத்தில் கண்ட ஃபிரோடோ. நூலின் ஃபிரோடோ இறுதிச் சோதனையில் தோற்றவன். அத்தோல்வியை நூல் எவ்வாறு கையாளுகிறது, படம் எவ்வாறு கையாளுகிறது என்பதையே ஈண்டு நாம் ஆராய விழைகிறோம்.

நூலைப் படமாக்குவோர் சிலவற்றை விடுதலும் சிலவற்றைக் கூட்டுதலும் இயல்பே. டாம் பாம்படில் என்னும் பாத்திரம் விடுபட்டது பற்றியும், ஆற்றுத்துறையில் ஃபிரோடோவைக் காக்கும் பணி வேறொருவரிடமிருந்து ஆர்வெனுக்கு மாற்றப்பட்டது பற்றியும் இந்நூலின் அன்பர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வருகின்றனர். நாமும் இந்நூலின் அன்பரே எனினும், அவ்வழக்குகளில் நமக்கு அக்கறை இல்லை. கதையின் நாடியைத் தொடும் மாற்றங்கள் வேறு.

கதையை அறியாதார்க்குச் சுருங்கக் கூறுவோம். சவுரான் என்னும் தீய அதிபதி வார்த்த மோதிரம் ஒன்று உண்டு. அதை அணிவோரும் விரும்புவோரும் அதற்கு அடிமைகளாவர். அது வார்க்கப்பட்ட எரிமலையின் நெருப்பிலேயே அதை எறிந்தாலன்றி அழிக்க இயலாது. ஷயர் என்னும் அமைதியான நாட்டில் வாழும் ஹாபிட் என்ற சிற்றுருவ மக்களில் ஒருவனாகிய ஃபிரோடோ, தன் தோட்டக்காரன் சாம் துணைவர, அதைச் சுமந்து செல்கிறான். அவர்களைப் பின்தொடர்கிறவன் கோல்லம். அவனும் முன்பு ஸ்மியாகல் என்ற பெயருடைய சாதாரண மனிதனைப் போன்றவனே. தன் பிறந்தநாளன்று நண்பனைக் கொன்று மோதிரத்தைப் பற்றியவன், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அதனோடு இருளில் வாழ்ந்து உருக்குலைந்தான்.

இக்கோல்லத்தைக் கொல்வதற்கான வாய்ப்பு நூலில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அவனைக் கொல்லாது விடுகிறார். முதலில் விட்டவர் ஃபிரோடோவின் முதிய உறவினராகிய பில்போ. கையில் வாளும் விரலில் மோதிரமும் இருக்க, தம் வழியை மறித்து நின்ற அவனைக் கொல்லாமல் தாண்டிச் சென்றார். இந்த இரக்கம் 1937-இல் வெளியான ‘தி ஹாபிட்’ நூலின் முதற்பதிப்பில் இல்லை என்பது நோக்கத்தக்கது. அப்பதிப்பில் கோல்லம் விடுகதைப் போட்டியில் தோற்றபின் தானே வழிகாட்டி அனுப்புகிறான். பெருங்கதையை எழுதி வந்த காலத்தில் டோல்கீன் அவ்வதிகாரத்தைத் திருத்தி எழுதினார். 1951-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே பில்போவின் மனதில் இரக்கம் பிறக்கிறது. கட்டடத்தின் முடியை எழுப்பிய பின்னர் அடித்தளத்தில் ஒரு கல்லை மாற்றி வைப்பவரைப் போல ஆசிரியர் பின்னோக்கிச் சென்று இதைச் செய்திருக்கிறார். அக்கல்லின்மேல் அவர் எவ்வளவு பாரத்தை ஏற்ற எண்ணினார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பில்போவுக்குப் பின் ஃபிரோடோ. பாறைச் சரிவில் கோல்லம் அகப்பட்டபோது, கேண்டால்ஃப் என்னும் முதியவர் இரக்கத்தைப் பற்றி முன்பு தனக்குக் கூறியதை நினைவுகூர்ந்து அவனை உயிரோடு விடுகிறான். இறுதியாக எரிமலைச் சரிவில் சாமின் வாளுக்கு முன் கோல்லம் கிடக்கிறான். அவனை எப்போதும் வெறுத்துவந்த சாம், தானும் சிறிது நேரம் மோதிரத்தை அணிந்திருந்தபடியால், அவனுடைய வேதனையை மங்கலாக உணர்ந்து, ஓங்கிய கையைத் தாழ்த்துகிறான். இந்த மூன்றாம் இரக்கம் படத்தில் இல்லை. அங்கே சண்டை மட்டுமே உண்டு.

இப்போது உச்சக் காட்சிக்கு வருவோம். நெருப்பின் விளிம்பில் நிற்கும் ஃபிரோடோ மோதிரத்தை எறிய மறுக்கிறான். அதைத் தனதென்று அறிவித்து அணிந்துகொள்கிறான். இதுவரை நூலும் படமும் ஒன்றே. நூலில், கோல்லம் பாய்ந்து அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறான். களிப்பில் கூத்தாடுகையில் கால் தவறி, மோதிரத்தோடு நெருப்பில் வீழ்கிறான். ஃபிரோடோ ஒன்றும் செய்யவில்லை. செய்ய வல்லமையற்றவனாய்க் கிடக்கிறான். படத்திலோ, விரலை இழந்த ஃபிரோடோ எழுந்து மீண்டும் கோல்லத்தின்மேல் பாய்கிறான். இருவரும் போராடி விளிம்பைத் தாண்டுகின்றனர். கோல்லம் வீழ, ஃபிரோடோ பாறையைப் பற்றித் தொங்குகிறான். சாம் கைநீட்டி அவனைத் தூக்குகிறான்.

காட்சியளவில் இது சிறிய மாற்றம். சில நொடிகளுக்கு உட்பட்டது. பொருளளவில் கதையையே புரட்டிவிடுகிறது. படத்தின்படி தீமை அழிந்தது ஒரு போராட்டத்தினால். ஃபிரோடோ மோதிரத்தை மீட்கப் பாய்ந்தானா, அழிக்கப் பாய்ந்தானா என்பதைப் படம் தெளிவாக்கவில்லை. எவ்வாறாயினும் அவன் கை அச்செயலில் உண்டு. நூலின்படி தீமை அழிந்தது, ஆண்டுகளுக்கு முன்பும் வாரங்களுக்கு முன்பும் சற்று முன்பும் அந்த இழிந்தவனுக்குக் காட்டப்பட்ட இரக்கத்தினால். அவ்விரக்கத்தில் ஒன்று குறைந்திருப்பினும் விளிம்பில் கோல்லம் நின்றிருக்க மாட்டான், மோதிரமும் அழிந்திராது. இரக்கம் காட்டிய மூவருள் எவரும் அதன் பயனைக் கணக்கிட்டு அதைச் செய்யவில்லை.

இதை டோல்கீன் அறிந்தே செய்தார். ஃபிரோடோ தோற்றுவிட்டானே என்று வினவிய வாசகர்களுக்கு 1956-இல் எழுதிய கடிதங்களில், அவன் தன் முழு வலிமையையும் செலவிட்டு முடித்த இடத்தில் வேறொரு வல்லமை பொறுப்பேற்றது என்னும் கருத்தைக் கூறுகிறார். கர்த்தருடைய ஜெபத்தில் சோதனையைக் குறித்தும் மன்னிப்பைக் குறித்தும் உள்ள விண்ணப்பங்களையும் சுட்டுகிறார். டோல்கீன் உரோமன் கத்தோலிக்கர். நம் வாசகர் சிலர், ஃபிரோடோவின் இரக்கம் அவனுக்குப் புண்ணியமாய் எண்ணப்பட்டு மீட்பு கூலியாக வந்ததோ என்று ஐயுறலாம். கதை அதற்கு இடமளிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். கூலி பெறுகிறவன் தன் கடமையை முடித்திருக்க வேண்டும். ஃபிரோடோ முடிக்கவில்லை. மேலும் அவன் காட்டிய இரக்கமும் பில்போவிடமிருந்தும் கேண்டால்ஃபிடமிருந்தும் அவன் பெற்றுக்கொண்டதே. ஆகவே அவனைக் கிறிஸ்துவுக்கு உவமையாக்குதல் இருவருக்கும் அநீதியாகும். கிருபையினால் தாங்கப்பட்ட பாவிக்கே அவன் பொருத்தமான உவமை.

கால் தவறி வீழ்தல் வெறும் தற்செயல், நாடகத்துக்குப் பொருந்தாது, ஆகவே படமாக்கியோர் காரணம் ஒன்று தேடினர் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. திரையில் ஒருவன் வழுக்கி விழுந்து உலகம் மீள்வதாகக் காட்டினால் அரங்கில் சிரிப்பெழக்கூடும். ஆயினும் நூலில் அது தற்செயலாகத் தோன்றாமைக்குக் காரணம், ஆசிரியர் ஆயிரம் பக்கங்களாக அதற்கு வழி அமைத்திருப்பதே. படமும் அவ்வழியின் தொடக்கத்தை அமைத்திருக்கிறது. கேண்டால்ஃப் இரக்கத்தைப் பற்றிப் பேசும் உரையாடல் மோரியாவின் இருட்டறைக்கு மாற்றப்பட்டு, முதற்படத்தின் மிகச்சிறந்த பகுதிகளுள் ஒன்றாக விளங்குகிறது. இவ்வளவு அழகாக விதைத்ததை அறுவடையின்போது மறந்துபோயினர் என்பதே நம் குறை.

இனி, நம்மை மிகவும் வருத்துகிற மாற்றத்தைக் கூறுவோம். கிரித் உங்கோல் மலைப்படிகளில் ஃபிரோடோவும் சாமும் களைத்து உறங்குகின்றனர். அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பும் கோல்லம், அவ்விருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கும் காட்சியைக் கண்டு நிற்கிறான். அவன் கண்களின் கொடிய ஒளி அவிகிறது. களைத்து முதிர்ந்த ஒரு ஹாபிட்டைப் போலத் தோன்றுகிறான். தயங்கித் தயங்கிக் கைநீட்டி ஃபிரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அப்போது சாம் விழித்துக்கொள்கிறான். எசமானைத் தொட்டு என்ன செய்கிறாய், எங்கே ஒளிந்து திரிந்தாய் என்று கடுமொழி கூறுகிறான். அவ்வளவுதான். அவ்வொளி மீண்டும் கண்களில் ஏறிவிடுகிறது. சாம் பிறகு வருந்தினாலும் அந்தக் கணம் திரும்பவில்லை. மனந்திரும்புதலுக்கு மயிரிழை தூரத்தில் நின்றவனை ஒரே ஒரு கடுஞ்சொல் தள்ளிவிட்டது என்ற பொருளில், 1945-இல் தம் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில் ஆசிரியரே இதைக் குறிப்பிட்டு, இக்கதையில் தம் மனதை உருக்கியவற்றுள் ஒன்றாக இதை எண்ணுகிறார்.

சாம் தீயவன் அல்லன். கதையிலேயே மிக நல்லவன் அவனே. தன் எசமான்மேல் கொண்ட அன்பினாலேயே அவன் கடுமொழி கூறினான். அவன் ஐயமும் நியாயமானதே, ஏனெனில் கோல்லம் உண்மையில் துரோகம் செய்துவிட்டே வந்திருந்தான். நல்லவன் ஒருவன், நியாயமான காரணத்தோடு, தவறான நொடியில் பேசிய ஒரு சொல். சபையின் வாசலில், ஆலோசனைக் குழுவில், மருத்துவமனைப் படுக்கையருகில் ஆயர்களாகிய நாம் எத்தனை முறை சாமாக இருந்திருக்கிறோம் என்று எண்ணாமல் இப்பகுதியை வாசிக்க முடிவதில்லை. திரைப்படம் இப்பகுதியை அடியோடு நீக்கியது. அதற்குப் பதிலாக, கோல்லம் உணவை எறிந்துவிட்டு, சாமின் மேலங்கியில் துணுக்குகளைத் தூவி அவன்மேல் பழி சுமத்துகிறான். ஃபிரோடோ அதை நம்பிச் சாமை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறான். இது சூழ்ச்சிக் கதைகளில் பலமுறை கண்ட உத்தி. இதில் கோல்லம் முழுத் தீயவனாகிறான், சாம் குற்றமற்றவனாகிறான். பார்வையாளருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

இரண்டாம் படத்தில் ஃபாராமிர் என்னும் தளபதிக்கு நேர்ந்ததும் இவ்வகையினதே. மோதிரம் தன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை அறிந்தும் அதை விரும்பாதவனாக நூல் அவனைக் காட்டுகிறது. படமோ அவனையும் ஆசைப்படவைத்து, ஃபிரோடோவைக் கைதியாக ஓஸ்கிலியாத் நகர்வரை இழுத்துச் செல்லவைக்கிறது. எல்லாரையும் வீழ்த்தும் மோதிரம் ஒருவனை மட்டும் அசைக்காவிடில் அதன் அச்சம் குறையும் என்பது படமாக்கியோரின் நியாயம். அது ஓரளவு ஏற்கத்தக்கதே.

படத்தின் சிறப்புகளை மறைப்பதும் நேர்மையாகாது. ஸ்மியாகலும் கோல்லமும் ஒரே உடலுக்குள்ளிருந்து வாதாடும் காட்சி, ஆண்டி செர்கிஸ் என்னும் நடிகரின் குரலாலும் உடலசைவாலும் உருப்பெற்றது. பிளவுண்ட மனிதனை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சிகள் திரையில் சிலவே. போரோமிரின் மரணம் நூலைவிடப் படத்திலேயே நெஞ்சைத் தொடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நூலில் அவனது போர் பின்னர் அறியப்படுகிறது. படத்தில் நாம் அதைக் கண்டு நிற்கிறோம்.

2022-இல் தொடங்கிய ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை அன்பர்கள் பலர் கடுமையாகத் தாக்கினர். நூலின் பின்னிணைப்புகளைக் கொண்டு புனையப்பட்ட அத்தொடரில் கதை தளர்ந்து செல்கிறது என்பது உண்மை. ஆயினும் ஓரிடத்தில் அது ஜாக்சனின் படங்கள் எழுப்பாத வினாவை எழுப்புகிறது. ஓர்க் எனப்படும் கொடிய படையினரின் தலைவன் ஆடார், தன் மக்களும் படைக்கப்பட்டவர்களே, அவர்களுக்கும் வாழ உரிமை உண்டு என்று கலாத்ரியேலின் முகத்துக்கு நேரே வாதிடுகிறான். 2024-இல் வந்த இரண்டாம் பகுதியில் ஓர்க் குடும்பமொன்று கைக்குழந்தையோடு காட்டப்பட்டபோது எழுந்த கூச்சல் பெரிது. அக்கூச்சலில் நாம் சேரவில்லை. ஓர்க்குகள் மீட்புக்கு முற்றிலும் அப்பாற்பட்டவர்களா என்ற வினா டோல்கீனையே இறுதிவரை உறுத்தியது. கோல்லத்துக்கு இரக்கம் உண்டென்றால் இவர்களுக்கு ஏன் இல்லை என்று ஒரு தொடர் கேட்குமானால், அது நூலின் நாடியை எங்கோ பற்றியிருக்கிறது.

ஜாக்சன் விட்டுவிட்ட பகுதிகளுள் ஷயருக்குத் திரும்பும் அதிகாரமும் ஒன்று. போர் முடிந்து ஊர் திரும்பும் ஹாபிட்டுகள், தோற்றோடிய சாருமான் தங்கள் நாட்டையே பாழாக்கியிருப்பதைக் காண்கின்றனர். ஃபிரோடோ அங்கு நடந்த சண்டையில் வாளை உருவவில்லை. சாருமான் தன்னைக் கத்தியால் குத்த முயன்ற பின்னரும் அவனைக் கொல்லவேண்டாம் என்று தடுக்கிறான். அந்த இரக்கம் சாருமானை மகிழ்விக்கவில்லை; தன் பழிவாங்கும் இன்பத்தையும் பறித்துக்கொண்டாய் என்று அவன் கசந்துகொள்கிறான். இரக்கம் பெறுகிறவன் எப்போதும் கனிவான் என்று டோல்கீன் எங்கும் சொல்லவில்லை. எரிமலையில் அது உலகைக் காத்தது. ஷயரில் அது ஒன்றையும் காக்கவில்லை, அடுத்த நொடியே சாருமான் தன் ஊழியன் கையால் மடிகிறான். ஆயினும் ஃபிரோடோ இரண்டு இடத்திலும் ஒரே விதமாகவே நடந்துகொள்கிறான்.

மூன்றாம் படம் ஏற்கெனவே 3 மணி 20 நிமிடங்களுக்கு ஓடுகிறது; இவ்வதிகாரத்துக்கு இடமில்லாமற்போனதைப் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டோம். பிரசங்கத்தில் இக்கதையை எடுத்தாள விரும்பும் மாணவர்களுக்கு நேரக்குறை அவ்வளவு இராது. நான்காம் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தையும், ஆறாம் புத்தகத்தின் மூன்றாம், எட்டாம் அதிகாரங்களையும் அவர்கள் முதலில் வாசிக்கட்டும். ஒரு மாலைப்பொழுது போதும்.