கிருமியா, உடலா? ஒரு தேயிலைத் தோட்ட ஆய்வின் பலமும் குறையும்

ஈறு நோயைத் தொடங்கி வைப்பவை பல்லில் படியும் பாக்டீரியாக்கள். ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதில் பெரும்பங்கு அவற்றை விரட்டப் புறப்படும் நம் உடலுக்கே உண்டு. ஈறில் குவியும் வெள்ளணுக்கள் வெளிவிடும் நொதிகள் கொலாஜன் இழைகளைச் சிதைக்கின்றன. இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன. இந்தக் கருத்துக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு. அது உண்மையில் எதை நிரூபித்தது?

நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ, பல் துலக்குவதை நிறுத்தியவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்குவதையும், மறுபடி துலக்கத் தொடங்கியதும் அது வடிவதையும் 1965இல் காட்டினார். அந்த வீக்கம் எல்லோருக்கும் எலும்பு இழப்பில் போய் முடியுமா என்பதே அடுத்த கேள்வி. அதற்காக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1970 முதல் 1985 வரை ஆண் தொழிலாளர் 480 பேரின் வாய் இடைவெளி விட்டுப் பரிசோதிக்கப்பட்டது. பிரஷ் கொண்டு துலக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. எல்லோருடைய பல்லிலும் பாக்டீரியாப் படலமும் கெட்டிப்பட்ட காரையும் ஏராளம். எனினும் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது. 45 வயதில் அவர்கள் வாயில் பல்லே மிஞ்சவில்லை. 81 சதவீதத்தினருக்கு மிதமாக முன்னேறியது. 11 சதவீதத்தினருக்கோ ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

ஆய்வின் பலம் அதன் தெளிவு. அவர்களிடம் பற்சொத்தை மிக அரிது. பல் பிடுங்கும் மருத்துவரும் அருகில் இல்லை. ஆகவே விழுந்த பல்லுக்கு ஈறு நோயே காரணம் என்று சொல்ல முடிந்தது. அழுக்கு ஒரே மாதிரி இருந்தும் விளைவு மூன்றாகப் பிரிந்ததால், படலத்தின் அளவு மட்டும் நோயின் போக்கைத் தீர்மானிப்பதில்லை என்பது ஐயமற உறுதியானது.

அங்கிருந்து ‘எனவே நோயெதிர்ப்பே காரணம்’ என்று தாவுவதில்தான் சிக்கல். படலம் எவ்வளவு என்று பார்த்தார்களே தவிர, ஒவ்வொருவர் வாயிலும் எந்தெந்த பாக்டீரியா வாழ்ந்தது என்பதோ அவர்களின் நோயெதிர்ப்பு எப்படி இயங்கியது என்பதோ அந்தச் சதவீதங்களுக்குள் இல்லை. பெண்கள் சேர்க்கப்படவில்லை. முதல் பரிசோதனைக்கு வந்தவர்களில் 161 பேரே 1985இல் எஞ்சினர். மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு என்பதைத்தான் ஆய்வு காட்டியது. அது ஏன் என்பதைக் காட்டவில்லை.

அந்த ‘ஏன்’ வேறிடத்தில் துலங்கியது. வெள்ளணுக்கள் ரத்தக்குழாயை விட்டுத் திசுவுக்குள் நுழைய முடியாத அரிய பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. அப்படிப் பிறந்தவர்கள் இளம் வயதிலேயே பற்களை இழப்பார்கள். தடுப்பாரின்றிக் கிருமி பெருகுவதே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இன்டர்லூக்கின்-12, 23 ஆகியவற்றைத் தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்தை அத்தகைய நோயாளி ஒருவருக்குக் கொடுத்தபோது ஈறின் அழற்சி அடங்கியதாக 2017இல் செய்தி வந்தது. கிருமியைக் கொல்லாமல், எதிர்வினையை மட்டும் தணித்துக் கிடைத்த பலன் அது. ஒரே நோயாளி என்றாலும், காரணத்தைத் தேடுவோருக்குத் தோட்டத்துச் சதவீதங்களைவிட இது நேரடியான சான்று.

இன்னொரு கணக்கும் உண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த சமூகம். பல் மருத்துவம் அவர்களை எட்டாமல் இருந்ததே அந்த ஆய்வின் தெளிவுக்கு அடிப்படை. நோயின் ‘இயற்கை வரலாறு’ என்று எழுதப்பட்டதில் பாதி, புறக்கணிப்பின் வரலாறு.

ஈறு வீக்கத்தோடு தப்பிய அந்த 11 சதவீதத்தில் நாம் இருக்கிறோமா என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான சோதனை இன்றும் இல்லை. எதிர்வினையை அடக்க நாளுக்கு இருமுறை தரப்படும் 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினும் காரையைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சைக்குத் துணை மட்டுமே. உடல்தான் எலும்பைக் கரைக்கிறது என்ற அறிவு, பிரஷுக்கு ஓய்வு தர இன்னும் போதுமானதாகவில்லை.