ஒளி எவர்மீது விழுகிறது?

தேர்தல் மேடையை அமைப்பது தச்சனும் மின்வினைஞனும் செய்யும் வேலை. அதிலே கலை விமரிசகனுக்கு என்ன அலுவல் என்று கேட்பாருளர். மேடையின் உயரமும் விளக்கின் திசையும் ஒலிபெருக்கியின் வலிமையும் வெறும் வசதிகளே, பேசப்படும் கொள்கையே முக்கியம் என்பது அவர்தம் எண்ணம். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இவ்வாறு வேறுபிரித்து நோக்குதல் கவிதையில் எத்துணைத் தவறோ, அரசியல் மேடையிலும் அத்துணைத் தவறேயாகும். கூடிநிற்கும் மனிதனைச் சிந்திப்பவனாக மதிக்கிறோமா, மயங்குபவனாகக் கருதுகிறோமா என்பதைப் பேச்சாளன் வாய் திறக்குமுன்பே மேடை சொல்லிவிடுகிறது. ஜேர்மனியில் பத்தாண்டு இடைவெளியில் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

1924ஆம் ஆண்டு டிசெம்பரில் நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலையொட்டி, கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பேர்லின் நகர மண்டபங்களில் ஏர்வின் பிஸ்காற்றர் ஒரு நிகழ்ச்சியை மேடையேற்றினார். அதன் பெயரைச் ‘சிவப்புக் கோலாகலம்’ எனத் தமிழாக்கலாம். தொடர்கதை அதில் இல்லை. துண்டு துண்டான காட்சிகள், இசை, பாட்டு, உடல்வித்தை, திரையிற் காட்டிய படங்கள், புள்ளிவிபரங்கள் ஆகியவற்றின் தொகுப்பு அது. நிகழ்ச்சி தொடங்கியதும் மேடையிலன்று, சபை நடுவிலேயே. இருவர் சச்சரவிடுகின்றனர், சபையோர் திரும்பிப் பார்க்கின்றனர், விளக்கு எரிகிறது, சச்சரவு மேடைக்கு நகர்கிறது.

அடுத்த ஆண்டு யூலையில், அதே கட்சியின் மாநாட்டுக்காக அவர் தயாரித்த ‘எல்லாவற்றுக்கும் மாறாக’ என்னும் நாடகத்தில் இவ்வுத்தி மேலும் ஆழம் பெற்றது. போர்க்கடனுக்குச் சமூக ஜனநாயகவாதிகள் வாக்களிக்கும் காட்சியை நடிகர் நடித்து முடித்ததும், போர்முனைத் தாக்குதலையும் முதலில் மாண்டோரையும் காட்டும் படம் திரையில் ஓடிற்று. வாக்குக்கும் பிணத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்வையாளர் தாமே கண்டுகொண்டனர். இங்கே யந்திரம் அறிவுக்குத் துணை நின்றது.

இதனால் பிஸ்காற்றரின் மேடை குறைகளற்றது என்று கொள்ளலாகாது. முதலாளியும் தொழிலாளியும் அதில் பெரும்பாலும் அச்சில் வார்த்த உருவங்களே. வாக்குப்பெட்டியும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் 62 ஆசனங்களைப் பெற்ற கட்சி டிசெம்பரில் 45 ஆசனங்களையே பெற்றது. சிறந்த மேடை வெற்றி தேடித்தரும் என்பது கற்பனை. ஆயினும், தோற்ற மேடையும் மக்களை மதித்த மேடையாக இருத்தல் கூடும்.

இனி 1934ஆம் ஆண்டு நூரம்பேர்க் நகருக்கு வருவோம். எதிர்க்கட்சிகள் முந்திய ஆண்டே ஒழிக்கப்பட்டுவிட்டமையால், அங்கே கேட்கவேண்டிய வாக்கு ஒன்றுமில்லை. நாஜிக் கட்சி மாநாட்டில் கட்சி அலுவலரின் அணிவகுப்பை ஒழுங்குசெய்த கட்டடக் கலைஞர் அல்பேட் ஸ்பீர், 1969இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இரகசியமொன்றைச் சொல்லிவிடுகிறார். தன் குற்றத்தைக் குறைத்துக் காட்ட முனையும் நூலாயினும் இவ்விடத்தில் அது பயனுடையது. பதவிச் சுகத்தில் தொந்தி பெருத்த அந்த அலுவலரை ஒழுங்காக நடக்கச் செய்தல் அரிதாகையால், அவர்களை இருளில் நடத்திவர அவர் எண்ணினார். விமான எதிர்ப்புக்கான 130 தேடொளி விளக்குகள் பன்னிரண்டு மீற்றர் இடைவெளியில் மைதானத்தைச் சுற்றி நிறுத்தப்பட்டு வானை நோக்கித் திருப்பப்பட்டன. அவை நாட்டின் கையிருப்பிற் பெரும்பகுதி எனக் கோரிங் மறுத்தபோது, இத்தனையை வேடிக்கைக்குச் செலவிட்டால் நம்மிடம் ஏராளம் உண்டென்று அந்நியர் நம்புவர் என்றாராம் ஹிட்லர். தொந்தியை மறைக்க இருள். பற்றாக்குறையை மறைக்க ஒளி! உலகம் வியந்த அந்த ‘ஒளிக் கோயில்’ எழுந்த வரலாறு இதுதான்.

பிஸ்காற்றரின் திரை, தான் திரையென்பதை மறைக்கவில்லை. ஸ்பீரின் ஒளியோ மறைத்தலாலேயே வாழ்ந்தது.

இந்த அளவுகோலைக் கொண்டே நம் காலத்து வித்தைகளையும் அளத்தல் வேண்டும். 2012இல் குஜராத் மாநிலத் தேர்தலிலும் 2014இல் இந்தியப் பொதுத் தேர்தலிலும் நரேந்திர மோடியின் முப்பரிமாணப் பிம்பம் ஏககாலத்திற் பல ஊர்களில் தோன்றிப் பேசிற்று. 2017 பெப்ரவரியில் பிரான்சின் இடதுசாரி வேட்பாளர் மெலோன்ஷோன் லியோன் நகரில் நேரே பேச, அவர் பிம்பம் பாரிஸின் புறத்தேயுள்ள ஓபர்வில்லியேயில் எழுந்து நின்றது. இது 1862இல் இலண்டனில் பெப்பர் என்பார் காட்டிய ‘பேய்’ வித்தையின் வழித்தோன்றலே. சாய்த்து நிறுத்திய ஒளிபுகு தகட்டில் மறைவிலுள்ள உருவம் பிரதிபலிக்கிறது; தகடு கண்ணிற் பட்டால் மாயம் கலைந்துவிடும். அன்றியும், அப்பிம்பத்தை நோக்கி ஒருவன் எழுந்து வினா விடுப்பானாயின் அது செவிமடுக்கப் போவதில்லை.

வலதுசாரி செய்தால் மாயை, இடதுசாரி செய்தால் முன்னேற்றம் என்று நாம் வாதிடுதல் நேர்மையாகாது. தொழில்நுட்பத்தை வெறுத்தலும் முற்போக்கன்று. ஒலிபெருக்கி கடைசி வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கும் சொல்லைக் கொண்டுசெல்கிறது, அது நன்மையே. ஆனால் அவன் குரல் மேடைக்குத் திரும்பிவர வழியுண்டா? கூலி, விலைவாசி, போர் ஆகியவற்றின் காரணங்கள்மீது விளக்கு விழுகிறதா, தலைவரின் முகத்தில் மட்டுந்தானா? அரசியல் மேடைக்குத் தம் கலையை வழங்க அழைக்கப்படும் நாடகக்காரரும் ஓவியரும் கொள்கை அறிக்கையைப் படிப்பதோடு நில்லாது, இவ்வினாக்களையும் கேட்டபின்பே விளக்கை ஏற்றுதல் வேண்டும்.